பார்க்கப் போவதும் வாழப் போவதும்

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, பாபநாசத்தில் சமவெளியை அடைந்து, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் ஆகிய ஊர்களைக் கடந்து, புன்னைக்காயலுக்கு அருகில் கடலோடு கலக்கிறது. அக்கடலுக்கு அப்பால் இருப்பது இலங்கைத் தீவு. பாலி மொழி நூல்கள் அத்தீவைத் 'தம்பபண்ணி' என்று குறிக்கின்றன. அசோகரின் கல்வெட்டுகளிலும் அப்பெயர் உண்டு. நம் ஆற்றின் பெயரும் அத்தீவின் பழம்பெயரும் ஒன்றுபோல் ஒலிப்பது, இரு கரைகளுக்கும் இடையே இருந்த பழைய உறவை நமக்கு நினைவூட்டுகிறது.

உறவு பழையது, ஆனால் நடுவே உள்ள எல்லைக்கோடு புதியது. அந்தக் கோட்டின் ஒரு பக்கத்தில் கணவனும் மறுபக்கத்தில் மனைவியும் இருந்தால் என்ன நேரும் என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். வேறொரு நாட்டில் வாழும் கணவனுடன் நிலையாகச் சேர்ந்து வாழ ஒரு பெண் விண்ணப்பம் செய்கிறாள். அவ்விண்ணப்பம் முடிவாக மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். இடைக்காலத்தில் சில வாரங்கள் சென்று கணவனைப் பார்த்து வரலாமா? 'இதில் என்ன ஐயம்? தாராளமாகப் போய் வரலாமே!' என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் சட்டம் அவ்வளவு எளிதாக விடை சொல்வதில்லை. அதன் காரணத்தை விளங்கிக்கொள்வதற்கு நம் வட்டாரத்தின் வரலாற்றையே முதலில் காண்போம்.

தோட்டத் தொழிலுக்காகவும் வணிகத்துக்காகவும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைக்குச் சென்றவர் பல்லாயிரவர். மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை, சேலம் முதலிய மாவட்டங்களைப் போலவே நம் மாவட்டமும் கண்டிச் சீமையின் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆட்களை அனுப்பியது. தோட்டங்களுக்குச் சென்றவர்களுள் குடும்பத்துடன் சென்றவர் பலர். வணிகர்களின் வழக்கம் வேறு. கொழும்பில் கடை, திருநெல்வேலிச் சீமையில் வீடு. கணவர் அங்கே கணக்கெழுதுவார். மனைவி இங்கே நிலபுலன்களையும் மாமன் மாமியரையும் பிள்ளைகளின் படிப்பையும் பார்த்துக்கொள்வாள். காயல்பட்டினத்து வணிகர்கள் கொழும்பில் மணிக்கல் வணிகம் செய்து பெயர் பெற்றவர்கள். அவ்வூர்ப் பெண்கள் பெரும்பாலும் தம் தாய்வீட்டை ஒட்டியே வாழ்ந்து வந்தனர். அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதனோடு சேர்ந்தது.

அக்காலத்தில் போய் வருவது கடினமாக இல்லை. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் ஓரிரவுப் பயணம். அந்த வழியில்தான் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் கப்பல்கள் ஓடின. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் மற்றொரு வழியும் உண்டாயிற்று. சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்குச் சிறு கப்பல். மீண்டும் அங்கிருந்து கொழும்புக்கு ரயில். மக்கள் இதனைப் 'போட் மெயில்' என்று அழைத்தனர். தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காகச் சில நாட்கள் தங்க வேண்டியிருந்தது. இரு நாடுகளும் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தமையால், பயணச்சீட்டும் உடல்நலமும் இருந்தால் வழி திறந்தது. 'நீ பார்க்க வருகிறாயா, வாழ வருகிறாயா?' என்று துறைமுகத்தில் எவரும் கேட்கவில்லை. திருவிழாவுக்கு வந்தவர் அறுவடை வரை இருப்பார். கடைக்குக் கடிதம் எழுதிவிட்டு மேலும் ஒரு மாதம் தங்குவார். வருகைக்கும் வாழ்க்கைக்கும் இடையே கோடு இல்லாத காலம் அது.

முதல் தடை 1939-இல் எழுந்தது. இலங்கையில் இந்தியர்களின் வேலைவாய்ப்பைக் குறைக்கும் முயற்சிகள் தோன்றியபோது, அதற்கு மறுமொழியாக அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், தனித்திறன் வேண்டாத கூலி வேலைக்குத் தொழிலாளர் இலங்கை செல்வதை அன்றைய இந்திய அரசு தடை செய்தது. தொழிலாளரின் நலம் கருதி விதிக்கப்பட்ட தடையே எனினும், அதன் சுமை குடும்பங்களின் மேல் விழுந்தது. ஊருக்கு வந்து மனைவி மக்களைப் பார்த்தவர் திரும்பிப் போக முடியாது. அங்கேயே இருந்தவர் பார்க்க வர அஞ்சினார். பின்னர் அத்தடை தளர்த்தப்பட்டது. ஆயினும், ஒரு முறை பார்க்க வருவதே பிழைப்பை இழப்பதற்குக் காரணம் ஆகலாம் என்பதை நம் மக்கள் அப்போதுதான் முதன்முதலில் உணர்ந்தனர்.

இந்தியா 1947-இலும் இலங்கை 1948-இலும் விடுதலை பெற்றன. விடுதலை பெற்ற ஒவ்வொரு நாடும், 'என் குடிமக்கள் யார்? என் எல்லைக்குள் யார் வரலாம்?' என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதியாக வேண்டும். இலங்கை முதற்கேள்விக்கு 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டத்தாலும், இரண்டாவது கேள்விக்கு அதே ஆண்டின் 20-ஆம் எண் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தாலும் விடை எழுதியது. பின்னது 1949 நவம்பர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் கடவுச்சீட்டும் விசாவும் இன்றித் தலைமன்னாரில் இறங்க இயலாது. இலங்கைக் குடியுரிமை இல்லாமல் அங்கே கடை வைத்திருந்த வணிகருக்குத் தற்காலிகத் தங்கல் அனுமதி என்ற சீட்டு தேவைப்பட்டது. ஊரிலிருந்து அவரைப் பார்க்கச் செல்லும் மனைவிக்குக் காலவரையறை உள்ள வருகை விசா தேவைப்பட்டது.

இந்நிலையில், அங்கேயே நிலைபெற விரும்பிய இந்தியருக்கு ஒரு வழியாக, 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. இதனைச் சற்றுக் கவனமாகப் பாருங்கள். நம் கேள்வியின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. மணமானவர் 1946 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முந்திய 7 ஆண்டுகளும், மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இலங்கையில் இடையறாது வசித்திருக்க வேண்டும். அதன் பின்னும் விண்ணப்பிக்கும் நாள் வரை அவ்வாறே வசித்திருக்க வேண்டும். இடையில் ஊருக்குச் சென்று வரலாம்; ஆனால் எந்த ஒரு முறையும் 12 மாதங்களுக்கு மேல் வெளியே தங்கியிருத்தல் கூடாது. இவை விண்ணப்பிப்பவரைப் பற்றிய நிபந்தனைகள். இவற்றோடு, அவருடன் சேர்ந்து வாழும் மனைவியும் அவரைச் சார்ந்த இளங்குழந்தைகளும் இலங்கையில் தொடர்ந்து வசித்து வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது.

ஒருவர் ஒரு நாட்டை உண்மையாகவே தம் நாடாகக் கொண்டாரா என்பதை எவ்வாறு அறிவது? மனத்தைத் திறந்து பார்க்கும் கருவி எந்த அலுவலரிடமும் இல்லை. ஆகவே சட்டம் புறச்சான்றுகளைத் தேடுகிறது. 'மனைவி எங்கே இருக்கிறாளோ அங்கேதான் மனம் இருக்கும்' என்பது அச்சட்டம் கொண்ட அளவுகோல். அளவுகோலில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் திருநெல்வேலிச் சீமையின் குடும்ப வழக்கத்தோடு அதனைப் பொருத்திப் பாருங்கள். கணவன் கொழும்பில் முப்பது ஆண்டுகள் உழைத்திருக்கலாம்; அங்கே வரி செலுத்தியிருக்கலாம்; சிங்களம் சரளமாகப் பேசலாம். ஆயினும் மனைவி ஏரலிலோ சாத்தான்குளத்திலோ மாமியாரைப் பேணிக்கொண்டு இருந்தால், 'இவர் வேர் இங்கே இல்லை' என்று முடிவு செய்ய இடம் உண்டாயிற்று. கடமையுணர்ச்சியால் ஊரில் தங்கிய மனைவியின் இருப்பே கணவனுக்கு எதிரான சான்றாக மாறியது.

மற்றோர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். கணவனுடன் இலங்கையிலேயே வாழும் ஒரு பெண் கருவுறுகிறாள். நம் வழக்கப்படி ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்தித் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். குழந்தை பிறக்க மூன்று மாதம். குழந்தைக்குச் சளி, காய்ச்சல், பிறகு பாட்டனாரின் நோய், பிறகு தங்கையின் திருமணம் என்று மேலும் பத்து மாதங்கள் கழிகின்றன. மொத்தம் 13 மாதங்கள். நம் வீடுகளில் இதனை எவரும் பிரிவாகவே கருதமாட்டார்கள். 'பிள்ளைப்பேற்றுக்கு வந்திருக்கிறாள்' என்றே சொல்வார்கள். ஆனால் சட்டத்தின் கணக்கில் 12 மாதம் என்பது ஒரு கோடு. பதின்மூன்றாம் மாதத்தில் அந்த வருகை வருகையாக இல்லாமல் வசிப்பிட மாற்றமாக மாறிவிடுகிறது. விண்ணப்பம் செய்யத் தரப்பட்ட காலமோ இரண்டு ஆண்டு. 1951 ஆகஸ்டு 5-ஆம் தேதியோடு அது முடிந்தது. அதற்குள் சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் வந்தன. குடியுரிமை கிடைத்தவர் ஏறக்குறைய 1 லட்சத்து 34 ஆயிரம் பேர்தாம். மறுக்கப்பட்டமைக்குக் காரணங்கள் பல. வசிப்பை மெய்ப்பிக்கும் ஆவணம் இல்லாமை அவற்றுள் ஒன்று. பிறப்பையும் திருமணத்தையும் பயணத்தையும் தாளில் எழுதி வைக்கும் வழக்கம் அன்றைய எளிய மக்களிடம் இல்லை. கிறித்தவர்களுக்குக் கோயிற் பதிவேடும், இசுலாமியர்களுக்குப் பள்ளிவாசல் பதிவேடும் ஓரளவு துணை நின்றன. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் தாலி கட்டிய மற்றவர்களுக்கு அந்தத் துணையும் இல்லை.

எஞ்சியவர்களின் நிலை என்ன? 1964 அக்டோபர் 30-ஆம் தேதி, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். நாடற்றவர் என்று மதிப்பிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது, இவை யாவும் 15 ஆண்டுகளில் நிறைவேறுவது என்பன அதன் கருத்து. எஞ்சியவரை இரு நாடுகளும் பாதிப் பாதியாக ஏற்பதென 1974-இல் முடிவாயிற்று. எண்கள் நேராக வகுபடுகின்றன. குடும்பங்கள் அவ்வாறு வகுபடுவதில்லை. ஒரே வீட்டில் ஒருவர் இந்தியக் குடிமகன், மற்றவர் இலங்கைக் குடிமகள் என்ற நிலை பல இடங்களில் ஏற்பட்டது. கப்பலேறும் முறை ஒருவருக்கு இவ்வாண்டும் மற்றவருக்கு வேறோர் ஆண்டும் வந்தபோது, உடன்பிறந்தார் பிரிந்தனர். பெற்றோரும் மணமான மக்களும் பிரிந்தனர்.

ஒப்பந்தம் கையெழுத்தான இரண்டே மாதத்தில், 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் போக்குவரத்து இராமேசுவரத்துக்கு மாறியது. 1980-களில் இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டபின் அதுவும் நின்றது. இலங்கையில் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்க 2003-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் மீண்டும் விடப்பட்டது. ஒரு தலைமுறை தொடங்கி வைத்த சிக்கலை அவிழ்க்க மூன்று தலைமுறை ஆயிற்று என்பதை இந்த ஆண்டுகள் காட்டுகின்றன.

இவ்வளவு வரலாற்றையும் எதற்காகச் சொன்னேன்? இதிலிருந்து பொதுவான ஒரு கருத்து தெளிவாகிறது. எல்லா நாடுகளிலும் அயலார் நுழைவதற்கு இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று, பார்க்க வருபவரின் வாயில். மற்றொன்று, வாழ வருபவரின் வாயில். முதல் வாயிலில் நிற்பவர் 'நான் திரும்பிப் போவேன்' என்று மெய்ப்பிக்க வேண்டும். இரண்டாம் வாயிலில் நிற்பவர் 'நான் இங்கேயே இருப்பேன்' என்று மெய்ப்பிக்க வேண்டும். வேலைக்காகவோ படிப்புக்காகவோ செல்பவர்களுக்குப் பெரும்பாலும் இதில் குழப்பம் இல்லை. குழப்பம் கணவன் மனைவியருக்குத்தான். இரண்டாம் வாயிலில் விண்ணப்பம் செய்துவிட்டுக் காத்திருக்கும் மனைவி, இடையில் முதல் வாயிலுக்கு வந்து நின்றால், அலுவலர் கேட்பார்: 'இங்கேயே வாழ விரும்புவதாக நீங்கள்தாமே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்? திரும்பிப் போவீர்கள் என்று நான் எப்படி நம்புவது?' அவள் அன்பே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. கொழும்பு வணிகரின் மனைவிக்கு ஊரில் இருந்தது குற்றமாயிற்று. இவளுக்குக் கணவனோடு இருக்க விரும்புவது ஐயத்துக்கு இடமாயிற்று. திசைதான் வேறு, உள்ளிருக்கும் முடிச்சு ஒன்றே.

இன்று நம் மாவட்டத்து இளைஞர்கள் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் செல்கிறார்கள். அவ்விரு நாடுகளும் அடுத்தடுத்து இருந்தும் இம்முடிச்சை வெவ்வேறு விதமாக அணுகுகின்றன. அமெரிக்காவின் 1952-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், வருகை விசா கேட்கும் ஒவ்வொருவரையும் குடியேற வருபவராகவே முதலில் கருதுகிறது. அவ்வாறு இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவரையே சாரும். தொழில்திறன் காரணமாக வழங்கப்படும் சில பணி விசாக்களுக்கு 1990-இல் இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. வருகை விசாவுக்கு இல்லை. கனடாவின் 2001-ஆம் ஆண்டுச் சட்டமோ, ஒருவர் பின்னாளில் நிலையாக வாழ விரும்புவது ஒன்றே இப்போது தற்காலிகமாக வருவதற்குத் தடையாகாது என்று வெளிப்படையாகவே கூறுகிறது. அனுமதித்த காலம் முடிந்ததும் அவர் புறப்பட்டுவிடுவார் என்று அலுவலர் நம்பினால் போதும். கனடா நாட்டுக் குடிமக்கள் சுற்றுலாவாக அமெரிக்கா செல்லப் பொதுவாக விசா தேவையில்லை. எனினும் அமெரிக்கரை மணந்த கனடா நாட்டவர் ஒருவர், குடியேற்ற விசாவுக்குக் காத்திருக்கும் காலத்தில் வார இறுதியில் காரில் எல்லையைக் கடக்கச் சென்றால், எல்லைச்சாவடி அலுவலர் அதே கேள்வியைக் கேட்கலாம், திருப்பியும் அனுப்பலாம். தனுஷ்கோடியில் நம் பாட்டிமார் சந்தித்த கேள்வியை, நயாகரா ஆற்றங்கரையில் ஒரு கனடா நாட்டவர் இன்று சந்திக்கிறார்.

காத்திருக்கும் காலத்தின் அளவும் எல்லாருக்கும் ஒன்றன்று. அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்கு ஆண்டுதோறும் இத்தனை பேர் என்ற வரம்பு இல்லை; விண்ணப்பத்தை ஆராயும் காலமே காத்திருப்பு. அங்கே நிரந்தர வாசியாக மட்டும் உள்ளவரின் மனைவிக்கு ஆண்டு வரம்பு உண்டு; ஆகவே வரிசையும் உண்டு. இப்பிரிவின் துன்பத்தை உணர்ந்து, குடிமக்களின் மனைவியர் அமெரிக்காவுக்குள் வந்து காத்திருக்கவென்றே ஒரு தனி விசாவை அந்நாட்டுக் காங்கிரசு 2000-ஆம் ஆண்டில் உண்டாக்கியது. நடைமுறையில் அது இப்போது அரிதாகவே வழங்கப்படுகிறது. சட்டம் இயற்றுவோருக்கும் மனைவி மக்கள் உண்டு என்பதற்கு அது ஒரு சான்று. நல்ல நோக்கத்தோடு திறந்த கதவும் பயன்படாமல் போகலாம் என்பதற்கும் அதுவே சான்று.

அரசுகள் இரக்கமற்றவை என்று இதனால் முடிவு கட்டிவிட வேண்டா. பார்க்க வந்தவர் அனைவரும் தங்கிவிட்டால், முறைப்படி வரிசையில் நிற்பவருக்கு இடம் ஏது? விண்ணப்பித்து ஐந்தாண்டு காத்திருக்கும் ஒருத்தியும், பார்க்க வருவதாகச் சொல்லி நுழைந்து தங்கிவிடும் ஒருத்தியும் ஒரே பயனைப் பெறுவார்களாயின், வரிசைக்கே பொருள் இல்லாமல் போகும். நாட்டின் எல்லைக்குள் யார் வருவது என்பதை முடிவு செய்யும் உரிமை எல்லா அரசுகளுக்கும் உண்டு. நம் அரசும் அவ்வுரிமையைச் செலுத்தவே செய்கிறது. இந்தியக் குடிமகனை மணந்த அயல்நாட்டவர் முதலில் அதற்குரிய விசா பெற்று வரவேண்டும். திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டுகள் நிலைத்த பின்னரே, வெளிநாடுவாழ் இந்தியக் குடியினர் என்ற அட்டைக்கு அவர் விண்ணப்பிக்கலாம். பதிவின் மூலம் குடியுரிமை கேட்பதாயின் ஏழு ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும். பிற நாட்டின் வாயிலில் நமக்குக் கடுமையாகத் தோன்றும் விதி, நம் வாயிலிலும் இருக்கிறது என்பதை அறிந்தவனே நடுநிலையோடு பேசத் தகுந்தவன்.

எனினும் விதிக்கும் ஓர் அளவுண்டு. இருவகை நோக்கமும் ஒரே மனத்தில் ஒருங்கே இருத்தல் இயல்பு என்பதைச் சட்டம் ஏற்க வேண்டும். 'இப்போது மூன்று வாரம் பார்த்துவிட்டுத் திரும்புவேன். அனுமதி வந்தபின் நிலையாக வருவேன்' என்று சொல்பவள் முரணாகப் பேசவில்லை. அவள் இரண்டு காலத்தைப் பற்றிய இரண்டு உண்மைகளைச் சொல்கிறாள். நிகழ்காலத்தையும் எதிர்காலத்தையும் வேறுபடுத்தி அறிவது இலக்கணம் படிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் இயலும், சட்டத்துக்கும் இயலவேண்டும். கனடாவின் சட்டத்தில் இந்த வேறுபாடு இடம் பெற்றிருக்கிறது. அத்தகைய சட்டம் எல்லையின் காவலையும் கெடுப்பதில்லை; இல்லறத்தின் இணைப்பையும் கெடுப்பதில்லை.

இனி, இத்தகைய நிலையில் உள்ளவர் செய்யத்தக்கது யாது என்பதையும் கூறவேண்டும். முதலாவது, உண்மை. 'கணவன் அங்கே இருப்பதைச் சொன்னால் விசா கிடைக்காது. நண்பரைப் பார்க்கப் போவதாகச் சொல்' என்று அறிவுரை கூறுவோர் எல்லா ஊரிலும் உளர். அது பெருங்கேடு. அமெரிக்கச் சட்டத்தில், உண்மையை மறைத்து விசா பெற்றதாகத் தெரிந்தால், பின்னாளில் குடியேற்ற விசாவும் மறுக்கப்படலாம். அத்தடைக்குக் கால எல்லையே இல்லை. சிறப்பு விலக்கு ஒன்றைக் கேட்டுப் பெற்றாலன்றி அது நீங்காது. மூன்று வாரத்தைப் பார்க்கப் போய் முப்பது ஆண்டை இழப்பது அறிவுடைமை ஆகாது. விசா என்பது வாயில் வரை செல்லும் சீட்டு மட்டுமே என்பதையும் நினைவில் கொள்க. உள்ளே விடுவதா, எத்தனை நாள் விடுவதா என்பதை இறங்கும் இடத்து அலுவலரே முடிவு செய்கிறார். அங்கும் உண்மை ஒன்றே துணை.

இரண்டாவது, திரும்புவதற்கான சான்று. ஊரில் செய்யும் வேலை, அலுவலகம் தந்த விடுப்புக் கடிதம், முடிக்க வேண்டிய படிப்பு, பேண வேண்டிய பெற்றோர், திரும்பும் பயணச்சீட்டு ஆகியவை சொல்லை விட வலிமை உடையவை. முன்னொரு முறை சென்று குறித்த நாளில் திரும்பியவருக்கு, அந்தத் திரும்புதலே சிறந்த நற்சான்று.

மூன்றாவது, ஆவணங்களின் ஒழுங்கு. நான் தலைமையாசிரியராக இருந்த ஆண்டுகளில், கடவுச்சீட்டுக்காகப் பிறந்த தேதிச் சான்று கேட்டுப் பள்ளிக்கு வந்தவர் பலர். பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் ஒரு பெயர், திருமணப் பத்திரிகையில் மற்றொரு பெயர் என்று இருப்பதைக் கண்டிருக்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தே உண்டு. மணமானபின் சில பெண்கள் அந்த எழுத்தை மாற்றிக் கணவனின் முதலெழுத்தை இட்டுக்கொள்கிறார்கள். நம் ஊரில் அது வியப்பன்று. அயல்நாட்டு அலுவலருக்கோ அவர்கள் இரண்டு வேறு பெண்கள். திருமணப் பதிவும் அவ்வாறே முக்கியம். 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தமிழ்நாட்டில் எந்தச் சமயத்தவரின் திருமணமும் 90 நாட்களுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும். மண்டபத்துக்கும் மேளத்துக்கும் நாள் பார்ப்பவர்கள், பதிவு அலுவலகத்துக்கும் ஒரு நாள் பார்த்தல் வேண்டும். 1951-இல் ஒரு தாளுக்காகத் தவித்த குடும்பங்களை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

நான்காவது, மாற்று வழி. மனைவி அங்கே போக இயலாவிடின், கணவன் இங்கே வரலாம். அவன் நிலையான வசிப்புரிமை பெற்றவனாயின் வந்து திரும்புவதில் தடை குறைவு. ஆனால் அவனும் நாட்கணக்கைப் பார்க்க வேண்டும். நீண்ட காலம் வெளியே தங்கினால் வசிப்புரிமையையே கேள்விக்கு உள்ளாக்கும் நாடுகள் உண்டு. அந்தப் பழைய 12 மாதக் கணக்கு இன்றும் வேறு வடிவங்களில் வாழ்கிறது.

மாணவ மாணவியரே, உங்களுள் சிலர் நாளை கடல் கடந்து செல்வீர்கள். சிலர் இங்கேயே இருந்து, சென்றவருக்காகக் காத்திருப்பீர்கள். வேறு சிலர் சட்டம் பயின்று, அயலார் துறையில் அலுவலராகி, மேசையின் மறுபக்கத்தில் அமரக்கூடும். செல்பவர் தம் சொல்லிலும் தாளிலும் உண்மையாக இருக்கவேண்டும். காத்திருப்பவர் நாள் குறித்து வைக்கவேண்டும். மேசையின் மறுபக்கத்தில் அமர்பவருக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் முன் வைக்கப்படும் விண்ணப்பத்தில் வசிப்பிடம் என்ற கட்டம் ஒன்றுதான் இருக்கும், அதை நிரப்பியவளுக்கு இரண்டு ஊர் இருக்கலாம். ஓர் ஊரில் கடமையும் மற்றோர் ஊரில் கணவனும் இருப்பது பொய்யன்று. அவள் சொல்வதை முழுதும் கேட்டபின் முத்திரையை எடுங்கள்.